சிஓபிடி வந்த பிறகு: புகைப்பதைக் குறைப்பதா, மாற்றுவதா, அடியோடு விடுவதா?

"உங்களுக்கு சிஓபிடி இருக்கு" என்று டாக்டர் சொன்ன பிறகு (மூச்சுக்குழாய் நாள்பட அடைத்துக்கொள்ளும் நுரையீரல் நோய் அது), "பீடி, சிகரெட்டை விடணுமா?" என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அது தெரிந்த விஷயம். மூச்சுப் பரிசோதனை அறையில் குழாயில் ஊதி முடித்து, இரைப்பு அடங்கியதும் அவர்கள் கேட்பது வேறு. "முப்பது வருஷம் ஊதியாச்சு தம்பி, இனிமே விட்டு என்ன ஆகப் போகுது?" "ஒரு கட்டு பீடி அடிச்சவன் அரைக் கட்டுக்கு வந்துட்டேன், போதாதா?" கொஞ்சம் வயது குறைந்தவர் என்றால், "வேப்புக்கு மாறிட்டா பரவாயில்லையா அண்ணா?" (வேப் என்றால் இ-சிகரெட்.)

மூன்றும் நியாயமான கேள்விகள்தான். பாக்கெட் மேல் இருக்கும் படத்தைக் காட்டிப் பயமுறுத்துவது இவற்றுக்குப் பதில் ஆகாது. நுரையீரலில் இருக்கும் நோய் எதிர்ப்பு அணுக்கள் ஒவ்வொரு வழியிலும் என்ன ஆகின்றன என்று பார்த்தால் நேர்மையான பதில் கிடைக்கும். அதில் ஒரு கெட்ட செய்தியும் உண்டு. அதை மறைத்துவிட்டு ஊக்கம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

புகை ஏற்கெனவே செய்து வைத்திருப்பது

மூச்சுக்குழாய்க்குள் பிராங்கோஸ்கோப் என்ற கேமராக் குழாயை இறக்கி, உப்புநீரை விட்டு, அதைத் திரும்ப உறிஞ்சி எடுக்கும் பரிசோதனை ஒன்று உண்டு. புகைக்காதவரிடமிருந்து வரும் நீர் கிட்டத்தட்ட நிறமில்லாமல், லேசாக நுரைத்து இருக்கும். பல வருடம் புகைத்தவரின் நீர் பழுப்பாகக் கலங்கி வரும். அதில் ஒரு துளியை மைக்ராஸ்கோப்பில் வைத்தால், வட்டமான பெரிய அணுக்கள் கூட்டமாகத் தெரியும். ஒவ்வொன்றின் வயிற்றிலும் கருப்பும் பழுப்புமாகத் துகள்கள். இவைதான் மேக்ரோஃபேஜ்கள். காற்றோடு வரும் தூசி, கிருமி, செத்த அணு எல்லாவற்றையும் விழுங்கிச் செரிப்பது இவற்றின் வேலை.

புகைப்பவரின் நுரையீரலில் இவற்றின் எண்ணிக்கை பல மடங்கு கூடுகிறது. நான்கைந்து மடங்கு என்று பல ஆய்வுகள் கணக்கிட்டிருக்கின்றன. ஆள் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்றுதானே நினைப்போம்? நடப்பது நேர்மாறு. சிஓபிடி உள்ளவர்களின் மேக்ரோஃபேஜ்கள் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சே போன்ற பாக்டீரியாவைச் சரியாக விழுங்குவதில்லை. மழைக்காலம் வந்தால் சளி கட்டி, நிறம் மாறி, ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியிருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். செத்த அணுக்களை அகற்றும் திறனும் குறைந்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு ஆய்வாளர்கள் இதைத் தொடர்ந்து காட்டியிருக்கிறார்கள். அகற்றப்படாத அணு அங்கேயே உடைந்து, உள்ளே இருந்த நச்சையெல்லாம் கொட்டுகிறது. அந்தக் கொட்டல் இன்னும் அணுக்களை வரவழைக்கிறது.

அப்படி வருபவற்றில் முதன்மையானது நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு. அது சுமந்து வரும் எலாஸ்டேஸ் என்ற நொதி, காற்றுப்பைகளுக்கு இழுவைத்தன்மை தரும் எலாஸ்டின் இழைகளை அறுக்கக்கூடியது. உடம்பு இதைத் தடுக்க ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் என்ற புரதத்தை வைத்திருக்கிறது. புகையில் உள்ள ஆக்சிஜனேற்றப் பொருள்கள் அதையும் செயலிழக்க வைக்கின்றன. மேக்ரோஃபேஜும் சும்மா இருப்பதில்லை. எம்எம்பி-12 என்ற நொதியை அதுவும் விடுகிறது. 1997-ல் வெளியான ஒரு சோதனையில், இந்த ஒரு நொதியை உண்டாக்க முடியாத எலிகளை மாதக்கணக்கில் புகையில் வைத்தும் அவற்றுக்கு எம்ஃபைசிமா, அதாவது காற்றுப்பைகள் உடைந்துபோகும் நோய், வரவில்லை. காற்றுப்பைகளை நேரடியாக அழிப்பதில் புகைக்கு இருக்கும் பங்கைவிட, புகை தூண்டிவிட்ட நம் அணுக்களுக்கு இருக்கும் பங்கு அதிகம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

மூன்றாவது, சிடி8 வகை டி அணுக்கள் (பாதிக்கப்பட்ட அணுக்களைக் கொல்லும் வெள்ளை அணுக்கள்). இவை மூச்சுக்குழாய்ச் சுவரிலும் நுரையீரல் திசுவிலும் குவிகின்றன. எவ்வளவு அதிகமாகக் குவிகின்றனவோ அந்த அளவுக்கு ஊதும் திறன் குறைவாக இருக்கிறது. நோய் முற்றியவர்களின் சிறு மூச்சுக்குழாய்களைச் சுற்றி பி அணுக்கள் (இன்னொரு வகை வெள்ளை அணுக்கள்) முடிச்சு முடிச்சாகத் திரண்டிருப்பதை 2004-ல் கனடாவின் ஜேம்ஸ் ஹாக் குழு காட்டியது. புதிதாக ஒரு நிணநீர் முடிச்சு உருவானது போன்ற அமைப்பு அது. தற்காலிகமான எரிச்சல் என்று இதைச் சொல்ல முடியாது. குடியேறிவிட்டார்கள்.

இந்த நிலையில் இருக்கும் நுரையீரலை வைத்துக்கொண்டுதான் முடிவெடுக்க வேண்டும்.

அப்படியே தொடர்வது

இதற்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 5,887 பேரை வைத்து நடந்த லங் ஹெல்த் ஸ்டடி, ஆரம்ப நிலை அடைப்பு உள்ளவர்களைப் 11 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. தொடர்ந்து புகைத்த ஆண்கள் முதல் வினாடியில் ஊதும் காற்றின் அளவில் ஆண்டுக்குச் சராசரியாக 66 மில்லி இழந்தார்கள். விட்டவர்கள் இழந்தது 30 மில்லி. புகைக்காதவருக்கும் வயதாக ஆகக் குறையும் அளவுதான் அது. பெண்களில் 54, 22 என்று இருந்தது. ஆண்கள் கணக்கையே எடுத்துக்கொண்டால் பத்து வருடத்தில் வித்தியாசம் 360 மில்லி. இன்று ஒன்றரை லிட்டர் ஊதுபவருக்கு அது கிட்டத்தட்ட கால்வாசி. மாடிப்படி ஏறுவதற்கும், பாத்ரூம் போய் வரவே மூச்சு வாங்குவதற்கும் நடுவில் இருக்கும் தூரம் அது.

"பீடிதானே, அதில் புகையிலை கொஞ்சம்தான்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புகையிலை குறைவு என்பது சரி. ஆனால் பீடி சுற்றும் இலையில் காற்று புகாது. அணையாமல் இருக்க ஆழமாகவும் அடிக்கடியும் இழுக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடும் தாரும் சிகரெட்டுக்குக் குறையாமல் உள்ளே போகின்றன.

குறைத்துக்கொள்வது

மூன்று கேள்விகளில் இதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஏனென்றால் அணுக்கள் அளவில் இதற்குக் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது. 1990-ல் வந்த ஒரு சிறிய அமெரிக்க ஆய்வில், நாளுக்கு ஐம்பது சிகரெட் அளவில் இருந்தவர்கள் நிக்கோட்டின் சூயிங்கம்மின் துணையோடு இருபது அளவுக்கு இறங்கினார்கள். இரண்டு மாதத்தில் அவர்களின் நுரையீரல் கழுவிய நீரில் மேக்ரோஃபேஜும் நியூட்ரோஃபிலும் குறைந்திருந்தன. ஆக, குறைப்பதை நுரையீரல் கவனிக்கவே இல்லை என்று சொன்னால் பொய்.

ஆனால் அந்த லாபம் ஊதும் திறனுக்கு வந்து சேர்வதில்லை. லங் ஹெல்த் ஸ்டடியில் குறைத்துக்கொண்டவர்களைத் தனியாக எடுத்துப் பார்த்தபோது, பாதியாகக் குறைத்தவர்களின் சரிவு குறைக்காதவர்களின் சரிவு போலவே இருந்தது. மிகப் பெரிய அளவில், ஏறக்குறைய விட்டுவிட்ட அளவுக்குக் குறைத்தவர்களிடம் மட்டுமே வித்தியாசம் தெரிந்தது. காரணத்தை டீக்கடை வாசலில் நின்றாலே பார்க்கலாம். எண்ணிக்கையைக் குறைத்தவர் ஒவ்வொன்றையும் விரல் சுடும் வரை இழுக்கிறார், புகையை உள்ளே நிறுத்தி வைத்து விடுகிறார். மூளை கேட்கும் நிக்கோட்டின் அளவு குறையவில்லை; அதைக் குறைந்த எண்ணிக்கையில் எடுத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டார், அவ்வளவுதான்.

குறைப்பதில் எனக்கு இருக்கும் பெரிய மனக்குறை இன்னொன்று. "நான்தான் குறைச்சுட்டேனே" என்ற நிம்மதி வந்துவிடுகிறது. அந்த நிம்மதியில் மூன்று, நான்கு வருடம் ஓடிவிடும். விடும் தேதிக்கு முன்னால் இரண்டு வாரம் குறைப்பது வேறு. அது ஒரு ஏற்பாடு. அதிலும்கூட, 2016-ல் வெளியான 697 பேர் கொண்ட பிரிட்டிஷ் சோதனையில், ஒரே நாளில் நிறுத்தியவர்களில் 49 சதவீதம் பேர் நான்கு வாரம் தாங்கினார்கள். படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்களில் 39 சதவீதம்.

வேப்புக்கு மாறுவது

இந்தியாவில் 2019-ல் வந்த சட்டம் இ-சிகரெட்டைத் தயாரிப்பதையும் இறக்குமதி செய்வதையும் விற்பதையும் விளம்பரப்படுத்துவதையும் தடை செய்திருக்கிறது. ஆகவே இங்கே கையில் கிடைப்பது எதுவானாலும் உள்ளே என்ன திரவம் இருக்கிறது என்று யாரும் சோதிக்காத சரக்கு. நடைமுறையில் இந்த ஒரு காரணமே போதும்.

இருந்தாலும், தடையில்லாத ஊரில் இருக்கும் தமிழர்கள் இதைக் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன். இங்கிலாந்தில் 2019-ல் வெளியான ஒரு சோதனையில், ஆலோசனையோடு இ-சிகரெட் கொடுக்கப்பட்டவர்களில் 18 சதவீதம் பேர் ஒரு வருடத்துக்குப் பிறகும் சிகரெட்டைத் தொடாமல் இருந்தார்கள். நிக்கோட்டின் பேட்ச், சூயிங்கம் வகையறா கொடுக்கப்பட்டவர்களில் 10 சதவீதம். அந்த வகையில் அது வேலை செய்கிறது. எரியும் புகையிலையில் இருக்கும் நச்சின் பெரும்பகுதி அதில் இல்லை என்பதும் உண்மை. ஆனால் நம் பிரச்சினை மேக்ரோஃபேஜ். மனித மேக்ரோஃபேஜ்களை ஆய்வகத்தில் இ-சிகரெட் ஆவியின் திரவத்தில் வைத்த பர்மிங்ஹாம் குழு, அவற்றில் அழற்சிப் பொருள்கள் கூடி, பாக்டீரியாவை விழுங்கும் திறன் குறைந்ததை 2018-ல் காட்டியது. நிக்கோட்டினே இல்லாத ஆவியை மாதக்கணக்கில் சுவாசித்த எலிகளின் மேக்ரோஃபேஜ்களில் கொழுப்பு தேங்கியதையும், அந்த எலிகள் இன்ஃப்ளூயன்சா வைரஸுக்கு எளிதில் பலியானதையும் இன்னொரு ஆய்வு காட்டியது. எலியில் கண்டது அப்படியே மனிதனில் நடக்கும் என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனாலும், ஏற்கெனவே விழுங்கத் திணறும் அணுக்களை வைத்திருக்கும் ஒருவர் நிக்கோட்டினை ஏன் மூச்சுக்குழாய் வழியாகவே எடுக்க வேண்டும்? கன்னத்தில் ஒதுக்கும் கம்மும் தோலில் ஒட்டும் பேட்ச்சும் நுரையீரலைத் தொடுவதே இல்லை.

அடியோடு விடுவது: கெட்ட செய்தி முதலில்

நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் ஒரு குழு, சிஓபிடி உள்ளவர்களையும் நோயில்லாத புகைப்பவர்களையும் புகையை விட வைத்து ஒரு வருடம் பின்தொடர்ந்தது. நோயில்லாதவர்களின் சளியில் மேக்ரோஃபேஜ்கள் குறைந்தன, அழற்சி தணிந்தது. சிஓபிடி உள்ளவர்களிடம் அப்படி நடக்கவில்லை. ஒரு வருடம் கழித்து அவர்கள் சளியில் நியூட்ரோஃபில்களும் லிம்ஃபோசைட்டுகளும் (டி, பி அணுக்கள் சேர்ந்த வகை) கூடியிருந்தன.

இதைப் படித்துவிட்டு "பார்த்தீங்களா, விட்டா கூடத்தான் செய்யுது" என்று ஒருவர் பீடியைப் பற்ற வைக்கலாம். சேதமான திசுவைச் சரிசெய்யும் வேலையோடு இந்த அழற்சிக்குத் தொடர்பு இருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் ஊகம். வேறு விளக்கங்களும் உண்டு: குடியேறிய டி, பி அணுக்கள் புகை நின்றாலும் கலைவதில்லை, மூச்சுக்குழாயில் நிரந்தரமாகத் தங்கிவிட்ட பாக்டீரியா அவற்றை உசுப்பிக்கொண்டே இருக்கிறது, அணுக்களின் மரபுப் பொருளின் மேல் புகை போட்ட வேதிக் குறிகள் அழிய நாளாகிறது. கடைசி விஷயத்துக்குப் பாரிஸின் பாஸ்டர் நிறுவனம் 2024-ல் வெளியிட்ட ஆய்வு வலு சேர்க்கிறது. ஆரோக்கியமான 1,000 பேரின் ரத்தத்தில், பிறவியிலேயே இருக்கும் எதிர்ப்புச் சக்தியின் மாற்றங்கள் புகையை விட்டதும் சீக்கிரம் சரியாயின. டி அணு சார்ந்த மாற்றங்கள் விட்டுப் பல வருடம் ஆனவர்களிடமும் இருந்தன.

மெதுவான நகர்வு இருக்கத்தான் செய்கிறது. இன்னொரு டச்சு ஆய்வில், மூன்றரை வருடத்துக்கு மேல் புகையை விட்டிருந்த சிஓபிடி நோயாளிகளின் மூச்சுக்குழாய்ச் சுவரில் சிடி8 அணுக்கள் குறைவாக இருந்தன. பி அணுக்களிலிருந்து உருவாகும் பிளாஸ்மா அணுக்களோ அதிகமாக இருந்தன. கலவையான படம். உடைந்த காற்றுப்பைகள் மட்டும் எத்தனை வருடம் ஆனாலும் முளைக்கப் போவதில்லை.

அப்படியென்றால் ஊதும் திறன் சரிவது எப்படிப் பாதியாகக் குறைந்தது? அழற்சி முழுக்க அடங்காவிட்டாலும், தினமும் புதிதாகப் போய் விழுந்த ஆக்சிஜனேற்றச் சுமை நின்றுவிடுகிறது. மூச்சுக்குழாயின் மயிரிழைகள் சில வாரங்களில் திரும்பவும் சளியைத் தள்ளத் தொடங்குகின்றன. (இந்தக் கட்டத்தில் இருமல் கூடும். "விட்டதுக்கப்புறம்தான் சளி அதிகமா வருது" என்று திரும்ப ஆரம்பித்தவர்கள் நிறையப் பேர். தேங்கியிருந்தது வெளியேறுகிறது, பயப்பட வேண்டாம்.) ரத்தத்தில் இருந்த கார்பன் மோனாக்சைடு ஓரிரு நாளில் போய்விடும். அதே லங் ஹெல்த் ஸ்டடியில், விட்ட முதல் வருடம் ஊதும் அளவு சற்றே ஏறக்கூடச் செய்தது. விட்டுவிட்டு மறுபடி பிடித்து, மறுபடி விட்டவர்களின் சரிவும் இடைவிடாமல் பிடித்தவர்களைவிடக் குறைவுதான். ஒருமுறை தவறியவர் எல்லாம் போச்சு என்று கைவிட வேண்டியதில்லை.

முப்பது வருடம் ஊதியவருக்கு நான் சொல்லும் இன்னொரு காரணம் மருந்து. மேக்ரோஃபேஜுக்குள் எச்டிஏசி-2 என்ற நொதி இருக்கிறது. இன்ஹேலர் ஸ்டீராய்டு வேலை செய்ய அது வேண்டும். புகை அதை முடக்குகிறது. அடிக்கடி சளி முற்றுபவர்களுக்குக் கொடுக்கும் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் பற்றி 2011-ல் 1,142 பேரை வைத்து வந்த அமெரிக்கச் சோதனையைப் பின்னர் பிரித்துப் பார்த்தபோது, பலன் விட்டவர்களிடம்தான் இருந்தது. புகைத்துக்கொண்டிருந்தவர்களிடம் கிட்டத்தட்ட இல்லை. ஐஎல்-33 என்ற சமிக்ஞையைத் தடுக்கும் இடெபெகிமாப் என்ற புதிய ஊசி மருந்திலும், 2021-ல் வந்த இரண்டாம் கட்டச் சோதனையில் புகையை விட்டவர்களுக்கு மட்டுமே நோய் முற்றுவது 42 சதவீதம் குறைந்தது. அதற்குப் பின் முக்கியமாக விட்டவர்களை வைத்து நடத்திய இரண்டு பெரிய சோதனைகளில் ஒன்றுதான் தேறியது. ஆகவே அது இன்னும் முடியாத கதை. பணம் கொடுத்து வாங்கும் மருந்தின் பாதிப் பலனைப் பீடி சாப்பிடுகிறது என்றால் பலர் நிமிர்ந்து உட்கார்கிறார்கள்.

விடுவதற்கு எதைத் துணைக்கு எடுப்பது

வெறும் மன உறுதியோடு விடுபவர்களை மதிக்கிறேன். ஆனால் அந்த வழியில் நிலைப்பவர்கள் சொற்பம். சிஓபிடி உள்ளவர்கள் பெரும்பாலும் பல வருடம் அழுத்தமான பழக்கத்தில் இருந்தவர்கள். எனக்குத் தேர்வு கொடுத்தால் வரெனிக்ளின் மாத்திரையை முதலில் வைப்பேன். சிஓபிடி உள்ள 504 பேரிடம் நடந்த 2011 சோதனையில், மாத்திரை எடுத்தவர்களில் 42 சதவீதம் பேர் மூன்றாவது மாதத்தில் புகைக்காமல் இருந்தார்கள். போலி மாத்திரை எடுத்தவர்களில் 9 சதவீதம். வருடக் கடைசியில் அது 19-க்கு 6 என்று சுருங்கியது. கண்ணை மூடிக்கொண்டு நம்பும் அதிசயம் இல்லை, ஆனாலும் மூன்று மடங்கு. குமட்டலும் வினோதமான கனவுகளும் வரலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். மனநலப் பாதிப்பு வரும் என்ற பழைய பயத்தை 2016-ல் 8,000 பேருக்கு மேல் வைத்து நடந்த ஈகிள்ஸ் சோதனை பெரும்பாலும் போக்கிவிட்டது. அந்தச் சோதனையிலும் பேட்ச்சும் புப்ரோபியான் என்ற இன்னொரு மாத்திரையும் ஒன்றுக்கொன்று சமமாக இரண்டாம் இடத்தில்தான் நின்றன. வலிப்பு வந்தவர்களுக்குப் புப்ரோபியான் ஆகாது.

மாத்திரை ஒத்துவராதவர்களுக்கு நிக்கோட்டின் கம். இதைத் தப்பாக மெல்லுபவர்கள்தான் "வேலை செய்யலை" என்கிறார்கள். சாதாரண சூயிங்கம் போல மெல்லக்கூடாது. நாலு தடவை மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்க வேண்டும். காரம் அடங்கியதும் திரும்ப மெல்ல வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் முன்பு காபி, சோடா கூடாது. அந்தப் புளிப்பு நிக்கோட்டினை உறிஞ்சவிடாது. பேட்ச் கிடைத்தால் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட மேல். புகையிலைப் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் தமிழிலும் பேசலாம்.

வீட்டில் விறகடுப்பு இருந்தால் இத்தனையும் அரைகுறைதான். அதன் புகையும் அதே மேக்ரோஃபேஜ்களில்தான் கரியாகப் படிகிறது. ஒரு பீடியும் தொடாத எத்தனையோ அம்மாக்கள் அதே குழாயில் ஊதிவிட்டுப் போவதைப் பார்க்கிறேன்.

கடைசியாக, விடும் தேதியை உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், குறிப்பாக டெரிஃபிலின் போன்ற தியோஃபிலின் வகை மாத்திரை எடுப்பவர்கள். புகையில் உள்ள தார்ப் பொருள்கள் கல்லீரலைத் தூண்டி இந்த மருந்தை வேகமாகக் கரைத்துக்கொண்டிருந்தன. புகை நின்ற ஒரு வாரத்துக்குள் அதே மாத்திரை ரத்தத்தில் கூடுதலாகத் தங்க ஆரம்பிக்கும். படபடப்பு, வாந்தி, தூக்கமின்மை வரும், சிலருக்கு இதயத் துடிப்பே தாறுமாறாகும். "சிகரெட்டை விட்டதால வந்த நடுக்கம்" என்று அதைத் தாங்கிக்கொள்ள வேண்டாம், அளவைக் குறைத்தால் போதும். காபியையும் உடம்பு இதே வழியில்தான் கரைக்கிறது. நாளுக்கு நாலு டம்ளர் குடிப்பவர் விட்ட வாரத்தில் இரண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.